தேசிமரத்தடி எறும்புகள்

ஊசி போடும்போது மற்ற மிசிமார், "ஒண்டுமில்லை, எறும்பு கடிக்கிற மாதிரித்தான்" என்பார்கள். எங்கள் பக்கத்தில் தாதிமாரை மிசி என்றுதான் கூப்பிடுவது. இந்த மிசி மட்டும் ஊசியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபடி, "நோகும். அசையாமல் இரும்" என்பார். நொந்தது. ஆனால் அவரிடம் ஊசி போட்டுக்கொண்ட ஒருவரும் கத்தியதாக நான் கேள்விப்படவில்லை. நோகும் என்று தெரிந்து நீட்டின கைக்குக் கத்தத் தோன்றாது.

மானிப்பாயில் நான் வேலை செய்த ஐயா வீட்டுக்கும் அவர் வீட்டுக்கும் நடுவே ஒரு கிடுகு வேலி. வேலியில் ஆள் குனிந்து போகக்கூடிய ஒரு பொட்டு. நீர்வேலித் தோட்டத்தில் வாழைக்குலை வெட்டும்போது கத்தி பட்டாலும், காலில் ஆணி ஏறினாலும், சைக்கிளை நிறுத்திவிட்டு நேரே அந்தப் பொட்டுக்குள்ளால் போவேன். அவர் வேலையிலிருந்து ஓய்வுபெற்று வெகுகாலம். ஆனாலும் மருந்துப் பெட்டி விறாந்தையில் தயாராக இருக்கும். என்னை 'நீர்' என்று சொல்லிக் கதைத்தவர் அவர் ஒருவர்தான். நான் இருந்த வீட்டில் எனக்கு 'டேய்'.

ஒளித்துச் சொல்வது அவருக்கு வராது. எங்கள் ஒழுங்கையில் ஒரு செத்தவீடு. பெட்டியைச் சுற்றி நின்றவர்கள், "நித்திரை கொள்ளுற மாதிரியெல்லோ கிடக்கிறார்" என்று மாறி மாறிச் சொன்னார்கள். மிசி, "அவர் நித்திரை கொள்ளேல்லை, செத்துப்போனார்" என்றார். "மூத்த மகள் காலமை தொடக்கம் ஒரு சொட்டுக் கண்ணீர் விடாமல் நிக்கிறாள். நீங்கள் எல்லாரும் நித்திரை எண்டால் அவள் எப்ப அழுறது?" பலருக்கு முகம் கறுத்தது. ஆனால் அந்த மகள் அப்போதுதான் நிலத்தில் குந்தியிருந்து வாய்விட்டு அழுதார். மிசி அவர் பக்கத்தில் போய் இருந்தார். அழாதே என்று சொல்லவில்லை.

அவர் வீட்டில் அவரும் பூமணியக்காவும் மட்டுமே. பூமணியக்கா சின்ன வயதில் வன்னியிலிருந்து அந்த வீட்டுக்கு வந்தவர். சமையல், துவையல், கோழிகள், முற்றம் எல்லாம் அவர் பொறுப்பு. இரண்டு பேருக்கும் ஏறத்தாழ ஒரே வயது. மிசிக்குத் தேத்தண்ணி ஊற்றக்கூடத் தெரியாது என்பதை இரண்டு பேரும் மறைப்பதில்லை.

மிசிக்கு எறும்பு பார்க்கிற பழக்கம் முழங்கால் நோவால் வந்தது. காலை வெயிலில் காலை நீட்டிக்கொண்டு இருக்கும்படி வைத்தியர் சொல்லியிருந்தார். அவர்கள் வளவில் வெயில் முதலில் விழுவது கிணற்றடியில். மிசி அங்கே ஒரு கட்டைக் கதிரையைப் போட்டு, சோட்டியைக் கணுக்கால் வரை இழுத்துவிட்டுக்கொண்டு இருப்பார். சும்மா இருக்கத் தெரியாத மனிசி. பார்க்க வேறொன்றும் இல்லாததால் நிலத்தைப் பார்த்தார். பிறகு பேப்பர் வாசிக்கிற பூதக்கண்ணாடியும் கிணற்றடிக்கு வந்தது.

ஒரு மாரியில், பெருமழை விட்ட மறுநாள், அவருக்குத் தண்ணீர் அள்ளிக் கொடுக்கப் போனேன்.

"உந்த வாளியை அரக்கி வையும். உவையின்ரை வழியிலை வைச்சிருக்கிறீர்" என்றார்.

"ஆரின்ரை வழியிலை?"

"உவையின்ரை." நிலத்தைக் காட்டினார்.

கிணற்றுக்கட்டின் வெடிப்புக்குள் இருந்த கட்டெறும்புகளின் வீடு வெள்ளத்தில் முழுகிவிட்டது. அவை மதிலடிக்கு வீடு மாறிக்கொண்டிருந்தன. வழி தெரிந்த ஒன்று முன்னால் போகும். தெரியாத ஒன்று அதைத் தொட்டுத் தொட்டுப் பின்னால் போகும். சிலவற்றின் வாயில் மண்ணிறத்தில் அரிசி போல ஒன்று.

"முட்டையைத் தூக்கிக்கொண்டு போகுதுகள்" என்றேன்.

"எல்லாரும் உப்பிடித்தான் சொல்லுறது. முட்டை இல்லை. உள்ளுக்கை முழு எறும்பு காலை மடக்கிக்கொண்டு கிடக்கு. இண்டைக்கோ நாளைக்கோ பிறக்கும்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "உங்காலை பாரும். தேசிமரப் பக்கம் போறதை."

ஓர் எறும்பு தனியே வந்தது. அதற்கு முன்னாலும் பின்னாலும் யாரும் இல்லை. மதிலடியில் இறக்கிவைத்திருந்த குஞ்சு உறைகளில் ஒன்றைக் கவ்விக்கொண்டு, வந்த வழியே, தேசி என்கிற எலுமிச்சை மரத்தின் வேருக்குள் போய் மறைந்தது.

"உது கள்ளன்" என்றார் மிசி. "அது வேறை வீட்டு எறும்பு. வீடு மாறுற குழப்பத்திலை உப்பிடி ஒவ்வொண்டாய்த் தூக்குதுகள்."

"தின்னவோ?"

"நானும் அப்பிடித்தான் நினைச்சன். ஆனால் தேசிமரத்தடியிலை குப்பை போடுற இடத்தைப் பாத்தன். வெறும் உறை கிடக்கு. காலோ தலையோ கிடக்கேல்லை. திண்டிருந்தால் மிச்சம் கிடக்கும். பிறக்க விட்டிருக்குதுகள்."

"பிறந்தால்?"

"பிறந்தால் என்ன, அங்கை வேலை செய்யும். அது தன்ரை வீடெண்டுதான் நினைக்கும்."

குசினி யன்னலால் பூமணியக்காவின் குரல் வந்தது. "மிசி, உங்கடை ஆக்களும் கோப்பிக்கு வருவினமோ? நான் எத்தினை பேணி கழுவுறது?"

மிசி எதையும் ஒருமுறை பார்த்துவிட்டு நம்புகிறவர் இல்லை. தீக்குச்சி முனையில் புண்ணுக்குப் பூசும் ஊதா மருந்தைத் தொட்டு, தேசிமரத்து எறும்பு ஒன்றின் முதுகில் பொட்டு வைத்தார். அதைக் கொண்டுபோய் மதிலடி வீட்டு வாசலில் விடச் சொன்னார். விட்டேன். உள்ளிருந்து வந்தவை காலைக் கவ்வி இழுத்துத் தூரத்தில் எறிந்தன. அடுத்த நாள் தேசிமரத்துக் குஞ்சு உறை ஒன்றை அதே வாசலில் வைக்கச் சொன்னார். ஒன்று வந்து மீசையால் தடவிப் பார்த்தது. பிறகு பத்திரமாக உள்ளே தூக்கிக்கொண்டு போனது.

"வளந்ததை விடாதுகள்" என்றார். "உறையிலை கிடக்கிறதைத்தான் விடுதுகள். அதுக்கு இன்னும் ஒரு மணமும் ஏறேல்லை. கண் திறக்கேக்கை ஆரின்ரை மணம் சுத்தி இருக்கோ, அதுதான் அதுக்குத் தாய்வீடு."

இதைக் கேள்விப்பட்டு மெல்பனில் இருந்த அவருடைய ஒன்றுவிட்ட தம்பியின் மகன் கைத்தொலைபேசிக்கு ஒரு வீடியோப் படம் அனுப்பினான். குளிர் நாடுகளில் இதையே தொழிலாகச் செய்கிற எறும்புகள் இருக்கின்றன. கூட்டமாகப் போய் வேறு இனத்தின் புற்றை உடைத்து, குஞ்சுகளை அள்ளிக்கொண்டு வரும். அவற்றின் வாய் அரிவாள் போல வளைந்திருக்கிறது. சண்டைக்கு மட்டும் உதவும் வாய். தானாக எடுத்துத் தின்ன அதனால் முடியாது. கொண்டுவந்து வளர்த்தவை ஊட்டிவிட வேண்டும். ஊட்ட ஆளில்லாவிட்டால் சாப்பாட்டுக்குப் பக்கத்திலேயே கிடந்து சாகும். இதை மிசி எங்களுக்கு நிறுத்தி நிறுத்திச் சொன்னார். பூமணியக்கா கையில் அகப்பையோடு நின்று பார்த்தார்.

"பாவம்" என்றார்.

"எது பாவம்?"

"அந்த அரிவாள்வாயன்தான். ஊட்டுறது ஒரு நாளைக்குக் காய்ச்சல் எண்டு படுத்தால் அதின்ரை பாடு என்ன?"

மிசி கண்ணில் நீர் வரச் சிரித்தார். சிரித்து முடித்து, "நான் என்னைப் பாத்துத்தான் சிரிக்கிறன்" என்றார்.

"எனக்கும் அது விளங்கினது" என்றார் பூமணியக்கா.

படத்தின் கடைசியில் இன்னொன்றும் இருந்தது. இவற்றில் ஒரு வகையில், கொண்டுவரப்பட்டு வளர்ந்தவையும் அடுத்த புற்றை உடைக்கக் கூட்டத்தோடு சேர்ந்து போகுமாம். அதைக் கேட்டு நான் தலையாட்டினேன். எறும்புக் கதை என்றுதான் கேட்டேன்.

என்னைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். எட்டு வயதில் என்னை மலைநாட்டுத் தேயிலைத் தோட்டம் ஒன்றிலிருந்து ஐயா வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். ஐந்தாம் வகுப்பு வரை பள்ளிக்கூடம் விட்டார்கள். பிறகு மாடு, கிணறு, வாழைத்தோட்டம். அடித்ததில்லை. பட்டினி போட்டதில்லை. சண்டைக்காலத்தில் ஊரோடு இடம்பெயர்ந்தபோது ஐயாவின் தாயாரைச் சைக்கிள் கரியரில் இருத்தித் தள்ளிக்கொண்டு போனவன் நான்தான். அது என் வீடு என்பதில் எனக்கு ஒரு சந்தேகமும் இருந்ததில்லை.

ஐயாவின் தாயார் விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டது எறும்புப் படம் பார்த்த அதே வருடம். ஐயாவின் மனைவி மகளின் பிள்ளைப்பேற்றுக்குக் கனடா போயிருந்தார். படுக்கையில் கிடக்கிற மூதாட்டிக்கு உடம்பு துடைக்க, உடுப்பு மாற்ற ஒரு பெண் வேண்டும். காசுக்கு வந்த இரண்டு பெண்கள் நிற்கவில்லை. ஒரு பின்னேரம் ஐயா என்னை விறாந்தைக்குக் கூப்பிட்டார்.

"உன்ரை கொண்ணனுக்கு ஒரு பெட்டை இருக்கெல்லே? என்ன வயசு?"

"ஒன்பது, ஐயா."

"போய்க் கூட்டிக்கொண்டு வா. பள்ளிக்கூடமும் விடலாம். உன்னை வளத்த மாதிரி வளப்பம்."

எனக்குச் சந்தோசமாக இருந்தது. என் இரத்தத்தில் ஒரு பிள்ளை என் பக்கத்தில் இருக்கும். தர்சினிக்கு யாழ்ப்பாணத்தில் படிப்பு. அண்ணனிடம் தொலைபேசியில் சொன்னேன். அவரும் மகிழ்ந்தார். புறப்படுவதற்கு முதல் நாள் மிசியிடம் சொல்லிவிட்டு வரலாம் என்று பொட்டுக்குள்ளால் போனேன். அவர் கிணற்றடியில்தான் இருந்தார்.

எல்லாவற்றையும் கேட்டார். பிறகு, "நோயாளியைப் புரட்டுறது பாரமான வேலை" என்றார். "ஒன்பது வயசுப் பிள்ளையாலை ஏலாது. அங்கை கொண்ணன்ரை மனிசி மாதிரி வளந்த ஒரு ஆளைக் கேட்டிருக்கலாமே?"

"ஐயாவிட்டை நானும் கேட்டனான், மிசி. பெரிய ஆக்கள் நிக்கமாட்டினமாம். சின்னனிலை கொண்டுவந்தாத்தானாம்..."

'பழகும்' என்ற சொல் வாய்க்குள்ளேயே நின்றுவிட்டது. எனக்கு நேரே தேசிமரம். நான் மிசியின் முகத்தைப் பார்த்தேன். அவர் தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மிசி, நான் போறதோ, விடுறதோ?"

"அதை நான் சொல்லேலாது."

"நீங்கள் எதையும் நேரே சொல்லுற ஆள்."

"இதைச் சொல்ல எனக்கு வாயில்லை. உள்ளை அவள் நிக்கிறாள்."

பூமணியக்கா உள்ளே நிற்கவில்லை. துவைத்த உடுப்பு வாளியோடு எங்களுக்குப் பின்னால் நின்றார். வாளியை வைத்துவிட்டுக் கேட்டார்.

"பெட்டைக்கு என்ன பேர்?"

"தர்சினி, அக்கா."

"அங்கையும் அந்தப் பேராலைதான் கூப்பிடுவினமோ?"

"பின்னை?"

"எனக்குப் பூமணி எண்டு என்ரை அம்மா வைக்கேல்லை." உடுப்பைப் பிழிந்துகொண்டே, மாரிக்குக் கறிமிளகாய் நடுவதைப் பற்றிச் சொல்வது போலச் சொன்னார். "நான் வந்த நேரம் இந்த வீட்டிலை என்ரை பேரிலையே ஒரு பிள்ளை இருந்தது. ஒரு வீட்டிலை ஒரு பேரைச் சொல்லி ரெண்டு பேரைக் கூப்பிடேலாதாம். அண்டைக்கே மாத்திப்போட்டினம்."

அந்த வீட்டில் இருந்த பிள்ளை மிசி ஒருவர்தான். அவர் தன் பெற்றோருக்கு ஒரே மகள்.

மிசி வயது போனவர், எப்போதோ சின்ன வயதில் நடந்தது, ஞாபகமில்லை என்று சொல்லிவிடுவார் என்று எதிர்பார்த்தேன். சொல்லிவிட்டால் நல்லது என்றும் நினைத்தேன். மிசி தலையை நிமிர்த்தினார்.

"எனக்கு ஞாபகம் இருக்கு" என்றார். "என்ரை பேரை அவளுக்குச் சொல்லிக் கூப்பிடக்கூடாது எண்டு அழுதது நான்தான். அம்மா எனக்காண்டித்தான் மாத்தினவ."

"தெரியும்" என்றார் பூமணியக்கா. "கதவுக்குப் பின்னாலை நிண்டு கேட்டனான்."

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. பூமணியக்கா உடுப்பைக் கொடியில் போடத் தொடங்கினார். மிசி எழுந்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டு போய், வாளியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தார். அதற்கு முன் அவர் அப்படிச் செய்து நான் கண்டதில்லை. மிசியின் பெயரை நான் இங்கே எழுதாததற்குக் காரணம் இதுதான். எழுதினால் யாருடைய பெயரை எழுதுவது?

மறுநாள் பஸ் ஏறினேன். கூட்டிவருவதா இல்லையா என்று வழி முழுக்க முடிவு கட்டவில்லை. தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் அண்ணன் வீட்டு வாசலில் தர்சினி பையோடு நின்றாள். அவளுடைய பள்ளிக்கூடப் பைதான். உள்ளே உடுப்புகள். அதில் இருந்த புத்தகங்கள் அலுமாரிக்கு மேலே அடுக்கியிருந்தன.

"புத்தகம் கொண்டுவரேல்லையோ?" என்று கேட்டேன்.

"அங்க வேற புத்தகம் குடுப்பாங்கனு அம்மா சொன்னாங்க, சித்தப்பா." பிறகு அண்ணியைப் பார்த்துச் சிரித்தாள். "அம்மா, சித்தப்பா ஏன் இப்படிப் பேசுறாரு?"

அண்ணியும் சிரித்தார். என் அப்பா அம்மா பேசியது தர்சினியின் பேச்சைத்தான். என் வாயில் அது வருவதில்லை.

சாப்பிட்டு முடித்து, "அண்ணை, இவளை நான் கூட்டிக்கொண்டு போகேல்லை" என்றேன்.

அண்ணனுக்குக் கோபம் வந்தது. அதில் நியாயம் இருந்தது. "ஏன்டா? நீ அங்க போய் நல்லாத்தான இருக்க? எம்புள்ள நல்லா இருக்கக் கூடாதா? இங்க இருந்து கொழுந்து பறிக்கணுமா?"

"அம்மா செத்தது எனக்கு எப்ப தெரியும் எண்டு உங்களுக்குத் தெரியுமோ?"

"அன்னைக்கே தகவல் அனுப்பினோமே."

"அடுத்த வருசம்தான் எனக்குச் சொன்னவை. பழகின பெடியன், குழம்பிப்போவான் எண்டு விட்டவை. நான் கோவிக்கேல்லை, அண்ணை. அவை கெட்ட ஆக்கள் இல்லை. எனக்கு அப்ப அழுகையும் வரேல்லை. ஆரோ ஒரு மனிசி செத்த மாதிரி இருந்தது."

அண்ணி எழுந்து போய்ப் பையைத் திறந்தார். தர்சினி முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றாள். அவளுக்குக் கடல் பார்க்க ஆசை. லீவுக்கு அப்பா அம்மாவோடு வந்து பார்க்கலாம் என்றேன். அவள் என்னை நம்பவில்லை. புத்தகங்களை ஒவ்வொன்றாகப் பைக்குள் திருப்பி வைத்தபோது, கொஞ்சம் பலமாகத்தான் வைத்தாள்.

தனியே திரும்பி வந்தேன். என்னைத் தனியே கண்டதும் ஐயா நேரே வேலிப் பொட்டடிக்குப் போய் நின்று மிசியைக் கூப்பிட்டார்.

"மிசி, நீங்களோ உவனுக்குச் சொல்லிக் குடுத்தது?"

மிசி ஆறுதலாக நடந்து வந்தார், கூடவே பூமணியக்காவும். "நான் சொல்லேல்லை. சொல்லியிருக்க வேணும். தானே யோசிச்சு வந்திருக்கிறார்."

"அப்ப என்ரை அம்மாவை ஆர் பாக்கிறது? நான் ஆம்பிளை. அவன் ஆம்பிளை. நீங்கள் சொல்லுங்கோ."

"காலமையிலை நான் வாறன். துடைக்கிற, உடுப்பு மாத்திற வேலையை நானும் இவளும் பாப்பம்." 'இவளும்' என்றபோது பக்கத்தில் திரும்பி, ஒரு பெயர் சொல்லி, வருவாயோ என்று கேட்டார். மிசியின் சொந்தப் பெயர்தான் அது; பூமணியக்காவுக்குத் தாய் வைத்ததும் அதுதான். அதை மிசி தன் வாயால் சொல்லி அன்றுதான் கேட்டேன். ஐயாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"கேட்டுக் கூப்பிட்டால் வாறன்" என்றார் பக்கத்தில் நின்றவர்.

மறுநாள் இரண்டு பேரும் வந்தார்கள். தாயாரைத் துடைத்து, உடுப்பு மாற்றி, போர்த்திவிட்டு, மிசி எங்களை அறைக்குள் கூப்பிட்டார். முதுகில் புண் தொடங்கியிருந்தது. மூன்று மணித்தியாலத்துக்கு ஒருமுறை ஆளைப் புரட்டிவிட வேண்டும். அதற்குப் பெண்தான் வேண்டுமென்றில்லை என்றார். ஐயா கட்டில் காலடியில் நின்றார். தன் தாயின் கையைத் தொட்டு எவ்வளவு காலமோ, எங்கே பிடிப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. நான் பழக்கதோசத்தில் மறுபக்கம் போய்க் குனிந்தேன்.

மிசி என் தோளில் கையை வைத்து என்னை மெதுவாகப் பின்னுக்கு எடுத்தார்.

"நீர் நில்லும்" என்றார். பிறகு ஐயாவைப் பார்த்தார். "கிட்ட வாங்கோ. ஒரு கையைத் தோளுக்குக் கீழை குடுங்கோ. மற்றதை இடுப்புக்கு. பயப்பிடாதேங்கோ, உங்கடை அம்மாதானே."